ஐந்தாவது வரி

முதுகுத்தண்டு வார்டின் தலைமை நர்ஸுக்கு நோயாளிகள் வைத்திருந்த பெயர் சிடுசிடு. அவளுக்கும் அது தெரியும். "சிடுசிடு வருது, தண்ணி குடிச்ச மாதிரி நடி" என்று ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குச் செய்தி போவதைக் காதாரக் கேட்டிருக்கிறாள். கேட்டும் கேட்காததுபோல் வந்து, தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பாள். திறந்தால் கடைசிக் கட்டில் வரைக்கும் கேட்கும்.

கோபப்படாமல் அந்த வார்டில் எப்படிக் குப்பை கொட்டுவது என்று அவள் திருப்பிக் கேட்பாள். பதினெட்டுக் கட்டில். மாடியிலிருந்து விழுந்தவன், லாரி மோதியவள், கிணற்றில் தலைகீழாகக் குதித்தவன் என்று பதினெட்டு பேர். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஒவ்வொருவரையும் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். ஒருவரைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும். இருப்பதோ மூன்று நர்ஸ், ஒரு அட்டெண்டர். ஒரு வேளை தவறினால் இடுப்பெலும்பின் மேல் தோல் சிவக்கும், நாலு வேளை தவறினால் கறுக்கும், அப்புறம் ஆறு மாசம் கட்டுப் போட்டாலும் ஆறாது. வலி தெரியாத உடம்பு, அதனால் அவர்கள் கத்த மாட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்து நான் கத்துகிறேன் என்பாள்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. காலையில் வந்ததும் வெள்ளைப் பிளாஸ்திரியில் ஒரு சாண் கிழித்து யூனிஃபார்மில் தொடைப்பக்கம் ஒட்டிக்கொள்வாள். யாருக்கு எத்தனை மணிக்கு என்ன பிரஷர், யாரை எந்தப் பக்கம் திருப்பியது, எல்லாம் முதலில் அந்தப் பட்டையில்தான் ஏறும். அப்புறம்தான் ரெஜிஸ்டர். வேலை முடிந்ததும் பட்டையைப் பிய்த்து டைரியில் ஒட்டிவிடுவாள். பன்னிரண்டு வருஷத்துப் பட்டைகள் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. "எங்க கல்யாண நாள் மட்டும் எந்தப் பிளாஸ்திரியிலயும் இல்ல" என்பது அவள் வீட்டுக்காரரின் நிரந்தரப் புகார்.

இனி விஷயத்துக்கு வருவோம். மார்பளவிலோ அதற்கு மேலேயோ தண்டுவடம் அறுந்தவர்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. மூத்திரப்பை நிரம்பி டியூப் அடைத்துக்கொண்டாலோ, வயிறு கட்டிக்கொண்டாலோ அவர்களுக்கு அது வலியாகத் தெரியாது. திடீரென்று தலை வெடிக்கும், முகத்தில் வியர்வை கொட்டும், பிரஷர் கண்டபடி ஏறும். இதை அவள் நோயாளிகளின் வீட்டாருக்குக் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிக் கொடுப்பாள். "கீழ்வீட்டுல தீப்பிடிச்சிருக்கு. மேல்வீட்டுக்குப் போற மாடிப்படி இடிஞ்சு கிடக்கு. கீழ இருக்கறவங்க பதறிப்போய் எல்லாக் குழாயையும் இறுக்கி மூடுறாங்க. அழுத்தம் பூரா மேல ஏறுது. அப்ப ஆள உட்கார வைக்கணும். படுக்க வச்சீங்கன்னா மேல இருக்கறது இன்னும் மேல ஏறும். புரியுதா? எங்க, திருப்பிச் சொல்லுங்க."

வெளியே இருக்கும் டாக்டர்களில் பலருக்கு இது தெரியாது. தெரியாததுகூடப் பரவாயில்லை, பிரஷர் எண்ணைப் பார்த்தாலும் அது சரியாக இருப்பதுபோல்தான் அவர்களுக்குத் தோன்றும். இந்த நோயாளிகளின் சாதாரண பிரஷரே தொண்ணூறுக்கு அறுபதுதான். நூற்றைம்பது என்றால் இவர்களுக்கு எமன் வாசலில் நிற்கிறான் என்று அர்த்தம். தெரியாதவர்களுக்கு அது ஏதோ கொஞ்சம் டென்ஷன்.

அதனால் அவள் ஒரு அட்டை எழுதினாள். உள்ளங்கையளவு, ஐந்தே வரி. வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டி அனுப்புவாள்.

எனக்கு முதுகுத்தண்டில் அடி. என் சாதாரண ரத்த அழுத்தம் 90/60.
எனக்குத் தலைவலியும் முகத்தில் வியர்வையும் வந்தால் உட்கார வையுங்கள். படுக்க வைக்காதீர்கள்.
பெல்ட், செருப்பு, இறுக்கமான துணி எல்லாவற்றையும் தளர்த்துங்கள்.
சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா பாருங்கள். அடைத்திருந்தால் உடனே மாற்றுங்கள்.
யார் அனுமதிக்காகவும் காத்திருக்காதீர்கள்.

இதற்கு ஆஸ்பத்திரி முத்திரை ஒன்று வேண்டும் என்று மேட்ரனிடம் மூன்று முறை போனாள். மருத்துவக் குறிப்பு எழுத நர்ஸுக்கு அதிகாரம் இல்லை, கமிட்டி பார்க்கும் என்றார்கள். கமிட்டி இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருந்தது. நடுவில் இரண்டு தடவை அவசரப் பிரிவிலிருந்து பழைய நோயாளியின் வீட்டார் யாரோ போன் செய்ய, அவள் வார்டைப் போட்டுவிட்டுக் கீழே ஓடி, அங்கிருந்தவர்களை வாய்க்கு வந்தபடி கேட்டுவிட்டு வந்தாள். இரண்டு நோயாளிகளும் பிழைத்தார்கள். அவளுக்கு இரண்டு மெமோ கிடைத்தது. மூன்றாவது மெமோ வந்தால் மருந்துக் கிடங்குக்கு மாற்றல் என்று மேட்ரன் எழுத்திலேயே கொடுத்திருந்தார். இனி அனுமதி வாங்காமல் எந்த நர்ஸும் வார்டை விட்டு நகரக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கையும் சுவரில் ஏறியது.

கேபிள்காரர் என்று வார்டில் எல்லோரும் கூப்பிட்ட ஆள் டிவி கேபிள் இழுக்கும்போது கம்பத்திலிருந்து விழுந்தவர். மார்புக்குக் கீழே ஒன்றுமில்லை, கைகள் இரண்டும் நன்றாக இருந்தன. ஐந்து மாசம் வார்டில் கிடந்தார். அந்த ஐந்து மாசமும் அவர் மனைவிக்கும் சிடுசிடுவுக்கும் நடந்த சண்டை வார்டுக்கே பொழுதுபோக்கு. எதைச் செய்தாலும் "ஏன்?" என்பாள் அவர் மனைவி. ஏன் வலது பக்கம், ஏன் இந்த மருந்து, ஏன் நேத்து மாதிரி இல்ல. சிடுசிடு அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர் வைத்தாள். ஆனால் டியூப் மாற்றுவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஐந்து மாசத்தில் கற்றுக்கொண்ட ஒரே ஆள் அந்த வக்கீலம்மாதான்.

வீட்டுக்குப் போன பிறகு கேபிள்காரர் மச்சானின் கடையில் உட்கார்ந்து செல்போன் ரிப்பேர் கற்றுக்கொண்டார். எறும்புத் தலை அளவு ஸ்க்ரூவைக் கழற்றி, முடியை விட மெல்லிய கம்பியைப் பற்றவைப்பார். வக்கீலம்மா மாதத்துக்கு ஒரு முறை வார்டுக்கு வந்து போவாள். "கம்பத்துல ஏறின கால விட அவரு கைக்குத்தான் சிஸ்டர் வேலை ஜாஸ்தி தெரியுது. நாலு கடைக்காரங்க எங்க வீட்டு வாசல்ல நிக்கறாங்க" என்று ஒரு நாள் சொன்னாள். ஆறாவது படிக்கும் மகள் பள்ளிக்கூடத்தில் 'எங்க அப்பா டாக்டர், போனுக்கு' என்று எழுதி வைத்திருந்தாளாம். சிடுசிடு சிரித்ததை வார்டு அன்றுதான் பார்த்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு வார்டுப் போன் அடித்தது.

"சிஸ்டர், நான்தான். கீழ அவசரப் பிரிவுல இருக்கோம்" என்றாள் வக்கீலம்மா. "காலையில இருந்து டியூப்ல சொட்டு மூத்திரம் வரல. தலைவலி. முகமெல்லாம் வேர்வை. அட்டையில இருக்கற மாதிரி உட்கார வச்சு, பெல்ட்ட அவுத்து, டியூப் மடங்கியிருக்கான்னு பார்த்துட்டு, என் தம்பி வண்டியில தூக்கிட்டு வந்துட்டேன். இங்க வந்து படுக்க வச்சுட்டாங்க."

"படுக்க வச்சுட்டாங்களா?"

"நூத்தி ஐம்பத்தாறு இருக்கு. டாக்டர் சொல்றாரு, இந்த டூட்டில எனக்கே அவ்வளவு இருக்கும்மா, பயப்படாதேன்னு. அட்டையக் காட்டினேன். முத்திரை எங்க, டாக்டர் கையெழுத்து எங்கன்னு கேக்கறாரு. தலைவலிக்கு ஸ்கேன் எடுக்கணுமாம். டியூப் மாத்த யூரின் டாக்டர் பதினொரு மணிக்கு வருவாராம்."

"தூக்கி உட்கார வை."

"ரெண்டு தடவ வச்சேன் சிஸ்டர். மறுபடி வச்சா வாட்ச்மேனக் கூப்பிட்டு வெளிய அனுப்பிடுவேன்னாங்க."

சிடுசிடு அவசரப் பிரிவுக்குப் போன் போட்டாள். அங்கிருந்த நர்ஸ், "டாக்டர் கிட்ட சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மேட்ரன் அறைக்குப் போட்டாள். மேட்ரன் மீட்டிங்கில் இருந்தார். எப்போது முடியும் என்று தெரியாது என்றார் அங்கிருந்த குமாஸ்தா. சிடுசிடுவின் கண் சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கைக்குப் போனது. மருந்துக் கிடங்கின் ஜன்னல் இல்லாத அறை நினைவுக்கு வந்தது. அவள் அங்கே போய்விட்டால் இந்தப் பதினெட்டு பேரை யார் பார்ப்பார்கள் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். நியாயமான கேள்விதான். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அவள் பதினைந்து நிமிடம் வார்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.

பத்து இருபதுக்கு மறுபடி போன் வந்தது. இந்த முறை பேசியது கேபிள்காரர்.

"சிஸ்டர், தலை வெடிக்குது" என்றார். "கண்ணுக்கு முன்னாடி பூச்சி பறக்குது. நீங்க வந்தா நல்லாயிருக்கும்."

ஐந்து மாசத்தில் அந்த மனுஷன் ஒரு தரம்கூட எதையும் கேட்டதில்லை. தண்ணீர்கூடக் கேட்டதில்லை. சிடுசிடு ஒரு சீட்டை எடுத்து, 'அவசரப் பிரிவில் முதுகுத்தண்டு நோயாளி, உயிராபத்து, உடனே போக அனுமதி வேண்டும், 10.21' என்று எழுதி அட்டெண்டரிடம் கொடுத்து மேட்ரன் அறைக்கு ஓடச் சொன்னாள். அட்டெண்டர் முழங்கால் வலிக்காரர். ஓடத்தான் செய்தார், பாவம். இவள் வாசலில் நின்றாள். கையில் டியூப் மாற்றும் பெட்டியைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றாள்.

பத்து முப்பத்திரண்டுக்கு அட்டெண்டர் மூச்சு வாங்க வந்தார். சீட்டில் கையெழுத்து இல்லை.

"மீட்டிங் முடிஞ்சதும் பார்க்கறாங்களாம்" என்றார்.

சிடுசிடு சீட்டைப் பிடுங்கிப் பையில் திணித்துக்கொண்டு மூன்று மாடியும் படியில் இறங்கினாள்.

ஸ்கேன் அறைக்கு வெளியே வராந்தாவில் நாலாவது ஸ்ட்ரெச்சராகக் கிடந்தார் கேபிள்காரர். தலையணைகூட இல்லாமல் மல்லாக்கக் கிடந்தார். முகம் செக்கச்செவேலென்று இருந்தது, சட்டைக் காலர் வியர்வையில் ஊறியிருந்தது, மார்புக்குக் கீழே தோல் வெளிறிப் புல்லரித்துக் கிடந்தது. வக்கீலம்மா அவர் தலைமாட்டில் நின்று இரண்டு கையாலும் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சிடுசிடு கருவியைச் சுற்றிப் பிரஷர் பார்த்தாள். இருநூற்றுப் பதினான்கு. தொடைப் பட்டையில் எழுதினாள்: 10.34, 214.

"பிடி" என்றாள் வக்கீலம்மாவிடம். இருவருமாக அவரைத் தூக்கி உட்கார வைத்தார்கள். முதுகுக்கு வக்கீலம்மா தன் உடம்பையே முட்டுக் கொடுத்தாள். சிடுசிடு வராந்தாவிலேயே திரையை இழுத்துவிட்டு, கையுறை போட்டு, பழைய டியூபை உருவினாள். நுனியில் சுண்ணாம்புபோல் கட்டி அடைத்திருந்தது. புது டியூப் உள்ளே போனதும் மூத்திரம் பீறிட்டுக்கொண்டு வந்தது. தொள்ளாயிரம் மில்லி.

அதற்குள் டியூட்டி டாக்டர் வந்துவிட்டார். முப்பது வயதுகூட இருக்காது. கையில் டீ கப்.

"யாரக் கேட்டு இங்க வந்தீங்க? இது என் பேஷண்ட்."

"உங்க பேஷண்ட்டுக்குப் பிரஷர் எத்தன டாக்டர்?"

"நூத்தி ஐம்பத்தாறு."

"அது எப்ப பார்த்தது?"

"ஸ்கேன லேட் பண்றீங்க" என்றார். "வராந்தாவுல வச்சு டியூப் மாத்தறது, இதெல்லாம் என்ன பழக்கம்? நான் ரிப்போர்ட் பண்ணுவேன்."

"தாராளமா பண்ணுங்க. முதல்ல அந்த அட்டையக் குடுங்க."

அட்டை வராந்தா ஓரத்தில் இருந்த அவர் மேஜை மேல் கிடந்தது. அதன் மேல் வட்டமாக டீக் கறை. ஐந்து வரியையும் படிக்காமல் அதைக் கப்புக்கு அடியில் வைத்திருக்கிறான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நிமிஷம் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பாள். ஆனால் மறுபடி பிரஷர் பார்க்க வேண்டியிருந்ததால் அட்டையை மட்டும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

10.48, 130. 10.56, 104. முகத்தின் சிவப்பு வடிந்தது. தலைவலி குறைந்ததா என்று கேட்டாள். குறைந்தது என்று கண்ணால் சொன்னார். பிறகு அவளுக்கு ஒரு கும்பிடு போட நினைத்திருக்க வேண்டும். இடது கை எழுந்தது. வலது கை போர்வை மேல் கிடந்தபடியே கிடந்தது. அவர் அதைக் குனிந்து பார்த்தார். யாரோ தவறிப் போட்டுவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

ஸ்கேனில் மூளைக்குள் ரத்தக் கசிவு தெரிந்தது.

அன்று மாலையே டியூட்டி டாக்டரின் அறிக்கை தயாராகிவிட்டது. நோயாளிக்கு மூளையில் கசிவு இருக்கலாம் என்று முதலிலேயே சந்தேகித்து ஸ்கேனுக்கு அனுப்பினேன், என் சந்தேகம் சரியாக இருந்தது, முதுகுத்தண்டு வார்டு நர்ஸ் அனுமதியில்லாமல் குறுக்கிட்டதால் ஸ்கேன் இருபத்தைந்து நிமிடம் தாமதமானது, நோயாளியை வீட்டார் தாமதமாகத்தான் கொண்டுவந்தார்கள். இதை மேட்ரன் வாசித்துக் காட்டியபோது சிடுசிடுவுக்குச் சிரிப்பு வந்தது. அநியாயத்துக்கு ஒரு அளவில்லையா? தீயை மூட்டியவன் புகையை நான்தான் முதலில் பார்த்தேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான், அதைக் கோப்பில் வைத்து நூல் கட்டுகிறார்கள்.

"மன்னிப்புக் கடிதம் ஒண்ணு எழுதிக் குடுத்துடு" என்றார் மேட்ரன். அவர் கெட்டவர் இல்லை. முப்பது வருஷம் அந்த ஆஸ்பத்திரியில் எல்லா இடத்திலும் குனிந்து குனிந்து கூன் விழுந்தவர், அவ்வளவுதான். "ரெண்டே வரி. அனுமதியில்லாம போனதுக்கு வருந்துறேன், ஸ்கேன் தாமதமானதுக்கு வருந்துறேன். மூணாவது மெமோ வராம நான் பார்த்துக்கறேன். ரெண்டு வாரம் டைம்."

கேபிள்காரரைப் பத்து நாள் தீவிர சிகிச்சையில் வைத்திருந்துவிட்டு, பதினோராம் நாள் மேலே முதுகுத்தண்டு வார்டுக்கே அனுப்பினார்கள். பழைய ஆறாம் நம்பர் கட்டில். பேச்சு கொஞ்சம் குழறியது. வலது கை தோளிலிருந்து தொங்கியது. இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, மடக்கி, விரித்துக்கொண்டிருந்தார்.

வக்கீலம்மா முன்புபோல் ஏன் ஏன் என்று கேட்கவில்லை. அதுதான் சிடுசிடுவுக்குத் தாங்கவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இந்த சிஸ்டர் மட்டும் ஓடி வரலன்னா இவரு இன்னைக்கு இல்ல. கைவேலையப் போட்டுட்டு மூணு மாடி இறங்கி வந்து நின்னாங்க, சாமி மாதிரி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் ஒரு தாளில் சிவப்புப் பேனாவால் சிஸ்டர் படம் வரைந்து கொண்டுவந்து கொடுத்தாள். படத்தில் சிடுசிடு மாடிப்படியில் பறந்துகொண்டிருந்தாள். அவள் அதை வாங்கி மேஜை டிராயரில் கவிழ்த்து வைத்தாள்.

அன்று பிற்பகல் அவள் வக்கீலம்மாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு ரெண்டாவது தடவ போன் பண்ணினப்ப அவருதானே பேசினாரு. எந்தக் கையில போனப் பிடிச்சிருந்தாரு?"

"வலது கையிலதான். நான் பிடிச்சுக்கறேன்னேன், குடுன்னு பிடுங்கிக்கிட்டாரு. ஏன் சிஸ்டர்?"

ஏன் என்று அவள் கேட்டுப் பதினோரு நாளாயிற்று. சிடுசிடு உள்ளே போய்விட்டாள்.

பத்து இருபதுக்கு அந்தக் கை போனைப் பிடித்திருந்தது. பத்து ஐம்பத்தாறுக்கு அது இல்லை. நடுவில் என்ன நடந்தது என்று பட்டையில் இருக்கிறது. உட்கார வைத்ததிலிருந்து அழுத்தம் இறங்கிக்கொண்டேதான் இருந்தது. ஏறியதெல்லாம் அதற்கு முன்னால், அவள் டியூப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்ற நேரத்தில். முட்டாள் டாக்டர் படுக்க வைத்தான், சரி. அவனுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். இந்த ஆஸ்பத்திரியில் அவளைவிட அதை நன்றாகத் தெரிந்த ஆள் கிடையாது. தெரிந்துகொண்டே ஒரு சீட்டில் கையெழுத்து வருவதற்காக நின்றாள். பன்னிரண்டு வருஷமாக ஊரையெல்லாம் திட்டித் தீர்த்த வாய்க்கு அன்று மட்டும் என்ன வந்தது? மெமோ பயம் வந்தது. அவளுக்கு மேட்ரன் மேல், டாக்டர் மேல், சுவரில் ஒட்டிய காகிதத்தின் மேல் இருந்த கோபமெல்லாம் ஒன்று சேர்ந்து அவள் மேலேயே வந்து விழுந்தது.

மறுநாள் காலை வார்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினாள்.

'மேட்ரன் அவர்களுக்கு. அன்று காலை 10.05க்கு எனக்குப் போன் வந்தது. நோயாளியைப் படுக்க வைத்திருக்கிறார்கள் என்று அப்போதே தெரியும். அதனால் என்ன ஆகும் என்றும் தெரியும். 10.20க்கு நோயாளியே வலது கையில் போனைப் பிடித்து என்னிடம் பேசினார். 10.21க்கு உங்கள் அனுமதி கேட்டுச் சீட்டு அனுப்பினேன். 10.32க்கு அது கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது. 10.34க்கு நான் கீழே போனபோது அழுத்தம் 214. அதன் பிறகு நடந்தது இத்துடன் ஒட்டியிருக்கும் பட்டையில் உள்ளது. 10.56க்கு அவருடைய வலது கை அசையவில்லை. வீட்டார் தாமதிக்கவில்லை. டியூப் மாற்றுவதைத் தவிர அட்டையில் உள்ள எல்லாவற்றையும் செய்துவிட்டுத்தான் வந்தார்கள். நீங்கள் கேட்ட இரண்டு காரணத்துக்கும் என்னால் மன்னிப்புக் கேட்க முடியாது. மெமோவுக்குப் பயந்து இருபத்தேழு நிமிடம் அனுமதிக்காகக் காத்திருந்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அட்டையின் ஐந்தாவது வரியை எழுதியவள் நான்தான்.'

டைரியிலிருந்து அன்றைய பட்டையைப் பிய்த்துக் கடிதத்தின் அடியில் ஒட்டினாள். இரண்டு நகல் எடுத்தாள்.

மேட்ரன் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பைத்தியமா உனக்கு? உன் தலையில நீயே மண்ண அள்ளிப் போட்டுக்கற. என் தலையிலயும் போடற. இதக் கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுது."

"பதிவுல ஏத்துங்க மேடம்."

"நான் ஏத்த மாட்டேன்."

"நீங்க ஏத்த வேணாம்."

தபால் வாங்கும் ஜன்னலுக்குப் போய் மூன்று தாளையும் நீட்டினாள். அங்கிருந்த குமாஸ்தா பக்கத்து ஆளிடம் மகனின் பல்வலியைப் பற்றிப் பேசிக்கொண்டே, ஒரு வரிகூடப் படிக்காமல், 'பெறப்பட்டது' என்று மூன்றிலும் டப் டப் டப் என்று குத்தினார். ஆஸ்பத்திரி பெயர் போட்ட வட்ட முத்திரை, தேதியோடு. இரண்டு வருஷம் ஒரு அட்டைக்காக அவள் கால் கடுக்க நடந்த முத்திரை. சிடுசிடு அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். "வேற என்னம்மா?" என்றார் குமாஸ்தா.

அசலை ஜன்னலிலேயே விட்டாள். ஒரு நகலைத் தன் பையில் வைத்தாள். மூன்றாவதைக் கொண்டுபோய் ஆறாம் நம்பர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வக்கீலம்மாவிடம் கொடுத்தாள்.

"என்ன சிஸ்டர் இது?"

"படி."

வக்கீலம்மா விரலை ஒவ்வொரு வரியின் கீழும் ஓட்டிப் படித்தாள். பட்டைக்கு வந்து, மறுபடி மேலே போய் முதலிலிருந்து படித்தாள். முகத்தில் ஒவ்வொன்றாக ஏதோ அணைந்துகொண்டு வந்தது.

"இருபத்தேழு நிமிஷமா?" என்றாள்.

"ஆமா."

"நீங்க மேல சும்மாவா நின்னீங்க?"

"ஆமா."

"இவரு போன்ல அப்படிக் கேட்டப்புறமும்?"

"அப்புறம் பன்னெண்டு நிமிஷம்."

வக்கீலம்மா எழுந்து நின்றாள். கை ஓங்குவாள் என்று நினைத்தாள் சிடுசிடு. ஓங்கியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள், நன்றாக இருந்திருக்கும். அவள் ஓங்கவில்லை.

"பதினோரு நாளா எல்லார்கிட்டயும் உங்களச் சாமின்னு சொல்லிட்டு இருந்தேன்" என்றாள். "அவனாவது தெரியாதவன். உங்களுக்கு என்ன கேடு? என் புருஷன் கைய விட உங்க வேலை பெருசாப் போச்சா?"

"அன்னைக்குப் பெருசாத்தான் தெரிஞ்சுது."

கேபிள்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். வக்கீலம்மா அவரைக் கையமர்த்திவிட்டுத் தாளை மடித்தாள். மடித்தவள் மறுபடி பிரித்து, முத்திரையைத் தடவிப் பார்த்தாள்.

"அந்தச் சீட்டு எங்க?" என்றாள்.

"எது?"

"கையெழுத்துப் போடாம திருப்பி அனுப்பினாங்கன்னு எழுதியிருக்கீங்களே. பத்து இருபத்தொண்ணுக்கு எழுதின சீட்டு. அது ஏன் இதுல இல்ல?"

சிடுசிடு பையிலிருந்து கசங்கிய சீட்டை எடுத்துக் கொடுத்தாள். கூடவே டீக் கறை படிந்த அட்டையையும் எடுத்துக் கொடுத்தாள். வக்கீலம்மா மூன்றையும் அடுக்கித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"நான் விடப்போறதில்ல" என்றாள். "அந்த டாக்டர், உங்க மேட்ரன், எல்லார் மேலயும் கேஸ் போடுவேன். உங்க மேலயும்தான் போடுவேன்."

"போடு. முதல் பேரு என் பேரா இருக்கட்டும்."

"இருக்கும்."

சுவரில் மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. ஆறாம் நம்பர் கட்டிலுக்குப் பக்கம் மாற்றும் நேரம். மற்ற இரண்டு நர்ஸும் வார்டின் அந்தக் கோடியில் வேறொருவரைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். சிடுசிடு போர்வையை விலக்கிவிட்டுக் கட்டிலின் இந்தப் பக்கம் நின்றாள். வக்கீலம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டியபடியே அந்தப் பக்கம் போய், குனிந்து, புருஷனின் தொங்கிய கையை எடுத்து அவர் மார்பின் மேல் பத்திரமாக வைத்தாள்.

"ம்" என்றாள், சிடுசிடுவின் முகத்தைப் பார்க்காமல்.

இருவரும் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி அவரை இடது பக்கம் திருப்பினார்கள். சிடுசிடு தொடைப் பட்டையில் நேரத்தை எழுதினாள்.